பூச்சொரிதலுக்கு மறுநாள்

"ஒரு முழம் பூ கிடையாதுங்க," என்றான் பூக்கடை மூக்கன்.

பிச்சைமுத்து குடையை ஊன்றிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார். "விடிஞ்சா என் பொண்ணுக்குக் கல்யாணம்டா."

"தெரியுங்க. மாலை ரெண்டு எடுத்து வச்சிருக்கேன். மத்தபடி திருச்சிப் பூ மொத்தமும் வண்டி வண்டியா சமயபுரத்து அம்மனுக்குப் போயிருச்சு. பூச்சொரிதலுக்கு மறுநாள் முகூர்த்தம் வச்சது நீங்கதானே? முன்னாடியே சொல்லி வச்சிருக்கலாம்."

எதையும் முன்கூட்டிச் சொல்லி வைக்கும் வழக்கம் பிச்சைமுத்துவுக்கு இல்லை. தாம் போய் நின்றால் பூ வரும் என்பது அவர் எண்ணம். ஆனால் ஒன்றை மட்டும் முன்கூட்டிச் சொல்லியிருந்தார், அதுவும் எழுத்தில். லால்குடிச் சம்பந்தி வீட்டுக்குக் கைப்பட எழுதிய கடிதம்: 'திருவானைக்காவலில் வண்டியை விட்டு இறங்கியதுமே எங்கள் பந்தல் மல்லிகை வாசம் உங்களைக் கைப்பிடித்து அழைத்துவரும்.'

எழுதியது எழுதியதுதான். பிச்சைமுத்துவின் வாக்கு பொய்த்தது என்று லால்குடியில் நாளைக்கு ஒருவன் சொல்லிவிடக் கூடாது.

மலைக்கோட்டைச் சந்து ஒன்றில் காகிதப் பூ செய்யும் கியாசுதீன் இருந்தார்.

"எவ்வளவு வேணுங்க ஐயா?"

"பந்தல் நிறைய. மல்லிகையா."

"எப்போ?"

"இப்போ."

கியாசுதீன் ஒரு நாடகக் கொட்டகைக்காகச் செய்து வைத்திருந்த சரங்கள் அத்தனையும் குதிரை வண்டியில் ஏறின. பொழுது சாய்வதற்குள் பந்தல் ஜொலித்தது. வாசலில் குலை தள்ளிய வாழை, மேலே தென்னங்குருத்துத் தோரணம், மணவறையைச் சுற்றி வெள்ளை வெளேரென்று மல்லிகை. தெருவே கூடி வாய் பிளந்தது. மனைவி மயிலம்மாள்கூடக் கூடத்துக்கும் வாசலுக்குமாக நாலு தடவை நடந்து பார்த்தாள்.

அந்த நேரத்தில் வந்து இறங்கினார் மாப்பிள்ளையின் பெரியப்பா மருதை. வந்தவர் காப்பிகூடக் குடிக்கவில்லை. நேரே பந்தலுக்குப் போய் ஒரு சரத்தை மோந்து பார்த்தார். அடுத்ததை மோந்தார். ஒரு பூவைக் கிள்ளினார், நசுக்கினார், விளக்கில் காட்டிப் பார்த்தார். பிறகு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த ஜாகைக்குப் போய்விட்டார்.

"பார்த்தியா மயிலு? மானம் போச்சு. ஏமாத்திட்டாங்களேன்னு மனுஷன் அழுதுட்டே போறாரு."

"வாசம் இல்லைன்னுதாங்க கண்டுபிடிச்சாரு. கண்ணுக்கு நிறைஞ்சிருக்கு, மூக்குக்குத்தான் ஒண்ணுமில்லை."

வண்டி மறுபடியும் கியாசுதீன் வீட்டுக்கு ஓடியது. மல்லிகை அத்தர் நாலு குப்பி வந்தது. "சரத்துக்கு ஒரு சொட்டு போதும்னு பாய் சொல்லிவிட்டாருங்க," என்றான் வண்டிக்காரன்.

"என் வீட்டுல எதையும் சொட்டுச் சொட்டா செய்யுறதில்லை," என்றார் பிச்சைமுத்து.

நாலு குப்பியும் காலி.

காலையில் வாசம் கடிதத்தில் எழுதியதைவிட ஒரு படி மேலே போயிருந்தது. கைப்பிடித்து அழைக்கவில்லை, கழுத்தைப் பிடித்து இழுத்தது. பந்தலுக்குள் கால் வைத்த மருதையின் முகம் செத்துப்போயிற்று. மணவறையில் உட்கார்ந்த மாப்பிள்ளைக்கு மூக்கு சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது.

"புழுக்கம்," என்று தீர்மானித்தார் பிச்சைமுத்து. "மாப்பிள்ளைக்கு நேரா அந்த டேபிள் ஃபேனைத் திருப்புங்க."

திருப்பினார்கள். மணவறை மல்லிகை மொத்தமும் மாப்பிள்ளையின் மூக்கை நோக்கிப் புறப்பட்டது.

தாலி கையில் இருக்கும்போது மாப்பிள்ளை தும்மினார்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை வாயிலிருந்து எடுத்தார். ஒற்றைத் தும்மல், அபசகுனம். கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

மறுபடியும் தும்மினார்.

"ரெட்டைங்க, ரெட்டை. ரொம்ப நல்லது," என்று ஐயர் மூச்சு விட்டார்.

மூன்றாவதும் வந்தது. மூன்றுக்கு என்ன பலன் என்று ஐயருக்கும் தெரியவில்லை. நாலு, ஐந்து, ஆறு என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் கிடைத்த மூச்சில், "கெட்டிமேளம்" என்று கத்தி, தாலியை ஏற்றிவிட்டார்கள்.

அட்சதை விழுந்து முடிந்ததும் பிச்சைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மருதையின் முன்னால் போய் நின்றார். தலை குனியாமல் தப்பை ஒப்புக்கொள்வது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. ஆகவே நிமிர்ந்தபடியே சொன்னார்.

"சம்பந்தி, பூ அத்தனையும் காகிதம். நான் எழுதின வாக்கு பொய்யாயிருச்சு. நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்குறேன்."

மருதை வாயைத் திறக்குமுன், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தங்கை வெள்ளையம்மாள் முந்திக்கொண்டாள்.

"மல்லிகை வாசம் அண்ணனுக்கு ஆகாதுன்னு சொன்னா எங்கே பொண்ணு தராம போயிடுவீங்களோன்னு, உங்க லெட்டர் வந்ததுலேருந்து பெரியப்பா சோறு இறங்காம கிடந்தாரு மாமா, நேத்து காகிதப் பூன்னு கண்டதும்தான் சந்தோஷத்துல அழுதாரு, அதுல அத்தர் ஊத்தின புண்ணியவான் யாருன்னு மட்டும் சொல்லுங்க."