நுரைச்சாமி கூப்பிட்டு வராத நுரை

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி என்றால் கால்வாய்க்கரை கொள்ளாது. வாளியோடு வந்தவர்கள், பாட்டிலோடு வந்தவர்கள், வெறுங்கையோடு வந்து சாமியின் ஆளிடமே பாட்டில் வாங்கியவர்கள் என்று ஊரே திரண்டு நிற்கும். நுரைச்சாமி தண்ணீரை நோக்கிக் கையை நீட்டி, "வந்துரு" என்பார். சற்று நேரத்தில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை நுரை மிதந்து வரும். பூசினால் சொறி, சிரங்கு, படை எல்லாம் பறந்துவிடுமாம். படித்தவர்களும் வந்தார்கள்; அவர்கள் பெரிய பாட்டிலாக வாங்கினார்கள்.

குப்பிக்குத்தான் வயிறு எரிந்தது. பதினோராம் வகுப்பு மாணவி. கால்வாய்த் தண்ணீரைக் குப்பி குப்பியாகப் பிடித்துக்கொண்டு திரிந்ததால் வகுப்பில் வைத்த பெயர் அது. அவள் அம்மா தையற்காரி. விரலிடுக்கில் வந்த அரிப்புக்கு ஆறு வாரமாக நுரை பூசியதில் தோல் வெடித்து, இப்போது ஊசி பிடிக்கவே முடியவில்லை.

"எரியுதுல்ல, விட்டுடேம்மா."

"எரிஞ்சாத்தாண்டி வேலை செய்யுதுன்னு அர்த்தம். நீ உன் படிப்பைப் பாரு."

அவள் படிப்பே அதுதான். பள்ளியின் பின்சுவரை ஒட்டி ஓடும் கால்வாயை அவளும் இரண்டு தோழிகளும் முறை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் கவனித்து நோட்டில் எழுதினார்கள். கால்வாயின் மேற்பக்கம் இருக்கும் துணி வெளுக்கும் ஆலை வெள்ளிதோறும் பத்து மணி வாக்கில் கழிவுத் தொட்டியைத் திறக்கும். திறந்த கால் மணி நேரத்தில் இங்கே நுரை வரும். அதில் வைத்த சிவப்பு லிட்மஸ் தாள் நீலமானது. சோப்பும் காரமும்தான் அம்மாவின் விரலைத் தின்றுகொண்டிருந்தன.

பள்ளி அறிவியல் கண்காட்சியைத் திறந்துவைக்க யாரைக் கூப்பிடலாம் என்று தலைமை ஆசிரியர் மூளையைக் கசக்கி, நுரைச்சாமியைக் கூப்பிட்டார். கூட்டம் வரும் அல்லவா? நாளும் வெள்ளிக்கிழமை. அந்த வாரம் கொதிகலன் பழுது, தொட்டி ஒரு மணிக்குத்தான் திறக்கும் என்று ஆலை வாசலில் எழுதி ஒட்டியிருந்ததைக் குப்பி படித்திருந்தாள். சாமிக்குச் சேதி சொல்லவேண்டிய ஆலைக் காவலாளி, அவருடைய சொந்த மைத்துனன், காய்ச்சலில் படுத்திருந்தான்.

கண்காட்சியில் குப்பி எழுதி வைத்திருந்த பலகையைச் சாமி உரக்கப் படித்தார்: "இன்று பத்து மணிக்கு நுரை வராது. ஒன்றே காலுக்கு வரும். யாரும் கூப்பிட வேண்டாம்."

சிரித்தார். "பாப்பா, உன் அறிவியல் முடியிற இடத்துலதான் நான் ஆரம்பிக்கிறேன்."

"பத்தாகப் போகுதுங்க சாமி. ஆரம்பிங்க."

கூட்டம் கரைக்கு ஓடியது. "வந்துரு" என்றார். ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து வந்தது. தொண்டை கட்டும்வரை கூப்பிட்டுவிட்டு, "நம்பாத ஆள் இங்க நிக்குது" என்றார். எல்லோரும் குப்பியைப் பார்த்தார்கள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "மானத்தை வாங்காதடி, வா."

"நான் போறேம்மா. ஆனா நான் போனதும் நுரை வரணும்."

போனாள். நுரை வரவில்லை.

ஒன்றே காலுக்குத் தலைமை ஆசிரியர் அறையில் சாமி வாய் நிறையச் சாப்பாட்டோடு இருந்தபோது, யாரும் கூப்பிடாமலே நுரை வந்து சேர்ந்தது. கரையில் இன்னும் காத்திருந்த பேருந்து ஓட்டுநர் ஒருவர் கரையோடு ஆலைவரை நடந்து போய்த் திரும்பினார். "தொட்டிக் குழாய்லேர்ந்துதான் கொட்டுது. அழுக்குத் துணி அலசின தண்ணிப்பா." இதற்குள் சாமி பின்வாசலைக் கண்டுபிடித்திருந்தார், அவர் செய்த ஒரே கண்டுபிடிப்பு.

அம்மா பள்ளிக் குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள். "எரியுது" என்றாள். "புண்ணா, வெக்கமான்னு தெரியலை." குப்பிக்கு அழுகை வந்தது. தாவணி முனையால் அந்தக் கைகளைத் துடைத்துவிட்டாள்.

அப்போது பெரிய பாட்டில்காரர் ஒருவர் வந்து, இரு கையையும் கூப்பிக் குப்பியின் முன் நின்றார்.

"சொன்ன நேரத்துக்கு வந்துருச்சே தாயே. சக்தி உன்கிட்டத்தான் இருக்கு. அடுத்தது எப்ப வரும்னு அருள்வாக்கு சொல்லும்மா."

குப்பி நோட்டை அவரிடம் நீட்டினாள்.

"எல்லாம் இதுலயே இருக்குங்க. ஆனா ரெண்டு கையையும் இப்படிக் கூப்பியே வச்சிருந்தா, எந்தக் கையால புரட்டிப் பார்ப்பீங்க?"