ஹோலின் காட்டில் ஒரு வழிகாட்டி

காட்டு வாசலில், கார் நிறுத்துமிடத்துக் கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு ஒன்று தொங்கியது. பழுதுபார்ப்பு வேலை நடப்பதால் மூடியிருக்கிறோம், சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. வருந்துகிறார்களாம்! மெர்வின் ஹாலெட் அந்தத் தாளை முறைத்தார். சிரமப்படுவது இவர். வருந்துகிறவர்கள் எங்கோ ஓர் அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். தேநீர் என்று நினைத்ததுமே அடிவயிற்றை ஒரு முறுக்கு முறுக்கியது.

சற்று முன்பு தேநீர்க் கடையிலேயே மனைவி பெரில் சொல்லியிருந்தாள்.

"மெர்வின், இங்கயே போயிட்டு வந்துடு. காலையில நீர் மாத்திரை போட்டிருக்கே. அதுக்கு மேல ரெண்டு கப் டீ வேற."

"நான் என்ன உன்னை மாதிரியா? வர்ற வழியில நீ இறங்காத இடம்னு ஏதாவது பாக்கி இருக்கா?"

"சரிப்பா. உன் வீரம் உன்னோட."

இப்போது அவள் காரில் உட்கார்ந்து நடைக்காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய் உண்மையைச் சொன்னால் போதும், இரவுக்குள் அவள் தங்கைக்குச் செய்தி போய்விடும். தங்கை வாயில் விழுந்தால் ஊர் முழுக்கப் போய்விடும். இதற்கு நடுவில் கால்சட்டை வேறு. பிறந்தநாளுக்கு பெரில் வாங்கிக் கொடுத்த க்ரீம் நிறக் கால்சட்டை. அந்த நிறம் எதையும் மறைக்காது.

"நான் முன்னாடி போய் வழி பாத்து வைக்கிறேன்!" என்று காரைப் பார்த்துக் கத்தினார்.

இந்த ஹோலின் காட்டுக்கு வரவேண்டும் என்று சொன்னவளும் பெரில்தான். மே மாதம், புளூபெல் பூத்திருக்கும், ஆயிரம் வருஷத்துக் காடு என்று ஒரு வாரமாக நச்சரித்தாள். ஆயிரம் வருஷம் ஒரே இடத்தில் நின்றதைத் தவிர இந்த மரங்கள் என்ன சாதித்துவிட்டன என்று மெர்வினுக்குப் புரியவில்லை. வரி அலுவலகத்தில் அவர் காலமெல்லாம் அப்படி ஒரே இடத்தில் வேலை பார்த்தபோது யாரும் பூப் பார்க்க வரவில்லை.

அப்போது ஒரு சுற்றுலாப் பேருந்து வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு முதியவர்கள் மழைக்கோட்டும் தொப்பியுமாக அவசரமாக இறங்கினார்கள். பூட்டிய கழிப்பறை வாசலில் நிற்பதைப் பிறர் பார்க்கலாமா? மெர்வின் நைசாகப் பக்கத்திலிருந்த வரைபடப் பலகைக்கு நகர்ந்தார். அதன்மேல் விரலை ஓட்டி, "ம்ம்" என்று தலையாட்டி, எல்லாம் தெரிந்தவர்போல விறுவிறுவென்று காட்டுக்குள் நடந்தார்.

ஒரு பெரிய மரத்தின் பின்னால் ஒதுங்கி, இடுப்புப் பட்டையில் கை வைத்த நேரம், பின்னால் சருகுகள் நொறுங்கின. திரும்பினார். பேருந்துக் கூட்டம் மொத்தமும் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றது.

"நான் டோரீன் பியூ. எங்க தேவாலயத்துச் சாப்பல் சங்கத்துக்குத் தலைவி," என்றாள் முன்னால் நின்ற தடித்த அம்மாள். "உங்களைப் பாத்தா இடம் தெரிஞ்சவர் மாதிரி இருக்கு. நாங்களும் பின்னாலயே வரலாமா சார்? தொந்தரவு இல்லையே?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் மெர்வினின் பரம்பரையில் அன்னிய மனிதர் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொன்னவர் யாருமில்லை.

"தாராளமா," என்றார். கை இன்னும் இடுப்புப் பட்டையில் இருந்ததால் மறு கையால் மரத்தைத் தட்டிக்காட்டினார். "இது... ஹார்ன்பீம். ரொம்பப் பழசு." பலகையில் படித்த ஒரே பெயர் அதுதான்.

"அருமை," என்றாள் டோரீன். "மேல போகலாமா?"

ஆட்டு மந்தை, என்று மெர்வின் மனதுக்குள் கரித்துக்கொட்டினார். விரலை நீட்டி ஒருத்தன் வரைபடத்தைத் தொட்டால் போதும், வழிகாட்டி என்று நம்பி வால் பிடித்து வந்துவிடுவார்கள். சொந்தமாக ஒரு மரத்தைப் பார்க்கத் தெரியாத ஜென்மங்கள்.

கழற்றிவிடுவது என்று முடிவு செய்து, பாதையை விட்டு இறங்கிச் சேற்றில் நடந்தார். காலணி கணுக்கால் வரை புதைந்தது. கால்சட்டையின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது. சாப்பல் சங்கம் ஒரு முனகல் இல்லாமல் சேற்றில் இறங்கியது.

"இந்தப் பக்கம் விரியன் பாம்பு உண்டு," என்று மிரட்டிப் பார்த்தார். "வெயிலுக்குச் சருகுல சுருண்டு கிடக்கும். திரும்பிப் போறவங்க போகலாம். நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"பாம்பா?" என்றார் கிளிஃப் என்ற கிழவர், எண்பதைத் தாண்டிய, கைத்தடி ஊன்றிய மனுஷர். "பாம்பு கெடக்குது விடுங்க தம்பி. இன்னும் தூரமா?"

"கொஞ்சம் தூரந்தான்."

"அப்ப வெரசா நடங்க!"

பாம்புக்கே பயப்படாத இந்த ஆர்வத்தைப் பார்த்து மெர்வினுக்கு ஏளனமாகத்தான் இருந்தது. ஆனால் ஏளனத்தோடு வேறு ஏதோ ஒன்றும் உள்ளே நுழைந்தது. முப்பது வருஷத்தில் பெரில்கூட அவர் பேச்சை இப்படிக் கேட்டதில்லை. மண்மேடு ஒன்றைக் காட்டி அது சாக்சன் மன்னன் கட்டிய எல்லைச் சுவர் என்று அளந்தார். எந்த மன்னன் என்று யாரும் கேட்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்கள். ஒரு பெண்மணிக்குக் கண்ணில் நீரே கோத்துவிட்டது. வரலாறு இப்படி உலுக்கும் என்று மெர்வினுக்கு இதுவரை தெரியாது.

மேட்டுக்கு அப்பால் ஒரு பெரிய ஓக் மரம் வந்தது. அடிமரத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொந்து. மெர்வினுக்கு உயிர் வந்தது.

"உள்ள ஒரு அபூர்வமான காளான் இருக்கு. முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க எல்லாம் அந்தப் பக்கம் போய்ப் பூவைப் பாருங்க."

நுழைந்தார். இருட்டு, ஈரம், தனிமை. பட்டையை அவிழ்த்தார். அப்போது வெளியே கிசுகிசுப்பு கேட்டது.

"வரிசையா நில்லுங்க. கிளிஃப் முதல்ல, வயசானவர்."

எட்டிப் பார்த்தார். பூவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பொந்தின் வாயிலிருந்து மண்மேடு வரை வரிசை நீண்டிருந்தது.

"நீங்க அவசரப்படாதீங்க சார்," என்றாள் டோரீன். "நாங்க காத்திருக்கோம். உள்ள எப்படி, எடம் இருக்கா?"

இவர்கள் காது ஒரு முழத் தூரத்தில் இருக்கும்போது என்ன செய்ய முடியும்? மெர்வின் பட்டையை மறுபடி இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"உள்ள ஒண்ணும் இல்லை. வெறும் பொந்துதான்."

கூட்டத்தின் முகம் அத்தனையும் ஒரே நேரத்தில் தொங்கிவிட்டது. ஒரு காளானுக்கா இவ்வளவு ஏமாற்றம் என்று மெர்வினுக்கே மனது கேட்கவில்லை. பாவம் என்று அந்த மரத்தைப் பற்றி ஒரு முழுப் பிரசங்கமே செய்தார். எண்ணூறு வயது என்றார். இதன் கிளையில் ஒரு கொள்ளைக்காரனைத் தூக்கிலிட்டார்கள் என்றார். பேசும்போது வயிற்று முறுக்கு கொஞ்சம் மறந்திருந்தது, அதனால் பேச்சை நிறுத்தப் பயந்தார். கிளிஃப் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார்.

"கதை பிரமாதம் தம்பி. ஆனா கதை எங்கயும் ஓடிப்போகாது. நடங்களேன்!"

நடந்தார்கள். சரிவில் ஒரு சின்ன ஓடை சலசலவென்று விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் மெர்வினுக்குக் கண் இருட்டியது. பின்னால் யாரோ "கடவுளே" என்று முனகினார்கள்.

"இங்க நிக்க வேண்டாமே சார்," என்றாள் டோரீன், காதைப் பொத்திக்கொண்டு. "இந்தச் சத்தம்... மனசைப் பிசையுது."

இயற்கையின் சங்கீதம் இவர்களை இப்படி ஆட்டுகிறதே! மெர்வின் அவர்களை உள்ளூர வெறுத்தார், தன்னை அதைவிட வெறுத்தார். இதற்குமேல் ஓர் அடி வைத்தாலும் க்ரீம் கால்சட்டையின் கதை முடிந்துவிடும் என்று உடம்பு தெளிவாகச் சொல்லியது. இந்த அன்னியர்களிடம் மானம் போகட்டும், பெரிலிடம் தப்பினால் போதும்.

அவர் திரும்பி நின்றார்.

"கேளுங்க எல்லாரும்! நான் வழிகாட்டியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எனக்கு இந்தக் காட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. சாக்சன் மன்னன் பொய். கொள்ளைக்காரன் பொய். காளானும் பொய்! மரத்தைப் பாக்க வந்தவங்க மரத்தைப் பாருங்க, என் முதுகை எதுக்குப் பாக்கறீங்க? நான் ஒண்ணுக்குப் போக வந்தவன்! கார் நிறுத்தின எடத்துலேந்து அதுக்குத்தான் அலையறேன். தயவு செஞ்சு ஒரு நிமிஷம் அந்தப் பக்கம் திரும்புங்க!"

ஓடை மட்டும் வெட்கமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சாப்பல் சங்கத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நேரமும் புன்னகை மாறாமல் வந்த டோரீனின் முகத்தில் முதல் தடவையாக உண்மையான பீதி தெரிந்தது. அவள் கைப்பையை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"என்ன சார் இப்படிச் சொல்றீங்க? அங்க பூட்டியிருக்கறதைப் பாத்துட்டு நீங்க அவ்வளவு நிச்சயமா கெளம்பினீங்களே, இன்னொரு கழிப்பறை இருக்கற எடம் உங்களுக்குத் தெரியும்னு நம்பித்தானே நாங்க அத்தனை பேரும் அடக்கிக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தோம்!"