பட்டு வேட்டி கட்டி ஓட்டிய ரோபோ

புது மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டில் கிடைக்கிற மரியாதை, அவன் வாயைத் திறக்காத வரைக்கும்தான். சாப்பிடுகிறான், சிரிக்கிறான், கேட்டதற்குத் தலையாட்டுகிறான் என்றால் ‘தங்கமான பையன்’ என்று தெருவே சொல்லும். புத்திசாலி மாப்பிள்ளைகள் இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டிவிடுவார்கள். நான் மறுவீட்டுக்குப் போன அன்றே, மதியச் சாப்பாட்டுக்கும் சாயங்காலக் காபிக்கும் நடுவில், மொத்தத்தையும் தொலைத்துவிட்டேன்.

விதை விழுந்தது கல்யாணத்துக்கு முன்பே, போனில். ரேவதி வீடு முத்தியால்பேட்டை. என் வீடு கதிர்காமம். பைக்கை எடுத்தால் காபி ஆறுவதற்குள் போய்விடலாம். ஆனால் நிச்சயம் ஆனபிறகு நேரில் பார்க்கக் கூடாது என்று இரண்டு வீட்டிலும் சட்டம். அதனால் போனிலேயே வாழ்ந்தோம். பேச விஷயம் தீர்ந்துபோன ஒருநாள் அவள் கேட்டாள்:

“நீங்க வீடியோ கேம்லாம் ஆடுவீங்களா?”

“காலேஜ்ல என்னை அடிச்சுக்க ஆளே கிடையாது” என்றேன்.

(உண்மை: ஹாஸ்டலில் நண்பர்கள் ஆடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ‘சுடுடா, சுடுடா’ என்று கத்துவேன். வார்டன் வந்தால் தகவல் சொல்வதும், கேன்டீனிலிருந்து போண்டா வாங்கி வருவதும் என் பொறுப்பு.)

“அப்படியா?” என்றாள். அந்த ‘அப்படியா’வில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

இது போதாதென்று மாமாவிடமும், அதாவது ரேவதியின் அப்பாவிடமும், ஒன்றை விட்டிருந்தேன். அவர் சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பெண் பார்க்கப் போன அன்று, “பிரெஞ்சு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்திருந்ததை மனதில் வைத்து, “நல்லாவே தெரியும் மாமா” என்றேன். அதற்கப்புறம் அவர் பிரெஞ்சில் என்ன சொன்னாலும் ‘வுய், வுய்’ (ஆமாம், ஆமாம்) என்றே சமாளித்தேன். ஒருமுறை அவர் என் சம்பளத்தைக் கேட்டதற்கும் ‘வுய்’ என்றிருக்கிறேன். அது பின்னாளில்தான் தெரியவந்தது.

மறுவீட்டு விருந்தில் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு என்று அத்தை அசத்தியிருந்தார். கை கழுவிவிட்டு வந்ததும் மாமா, “வாங்க மாப்ள, பெரியவன் ரூமைக் காட்டறேன்” என்று கூட்டிப் போனார். பெரியவன் என்றால் ரேவதியின் அண்ணன், என் மச்சான். பிரான்சில் வேலை. அவர் அறையில் டி.வி.க்கு முன்னால் ஒரு மேஜை. மேஜை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு சாதனம்.

நான் பார்த்திருந்த வீடியோ கேம் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும். இது அப்படியே விமானத்தைப் பிரித்து அதன் முன்பக்கத்தை மட்டும் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி போன்ற கைப்பிடிகள். நடுவில் விளக்கு எரியும் பொத்தான்கள், வரிசை வரிசையாக. கியர் வேறு. மேஜைக்குக் கீழே மூன்று பெடல்கள். ஓரத்தில் கண்ணாடி மூடி போட்ட ஒரு பொத்தான்.

“பழைய கேம் மாப்ள. ராட்சச ரோபோ சண்டை. உள்ளாற உக்காந்து நாமதான் ஓட்டணும். இப்ப இந்தச் சாமான் எங்கியும் கிடைக்காது” என்றார் மாமா.

வாசற்படியில் ரேவதி நின்றிருந்தாள். “அவரு காலேஜ் சாம்பியன்பா” என்றாள் மாமாவிடம். அதே சின்னச் சிரிப்பு.

அப்போதே வயிறு வலிக்கிறது என்று படுத்திருக்கலாம். அவ்வளவு வறுவல் சாப்பிட்டவன் சொன்னால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நானோ பட்டு வேட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டி.வி.யில் பிரெஞ்சு எழுத்துகள் வந்தன. மச்சான் அங்கே வாங்கியதால் எல்லாமே பிரெஞ்சு. ரேவதி, “புதுசா ஒரு பேர் போட்டு முதல்லேருந்து ஆரம்பிங்க. அதான் ஈசி” என்றாள்.

“முதல்லேருந்துலாம் சின்னப் பசங்க ஆடறது” என்றேன். (இந்த வாக்கியத்தை இன்றைக்கு நினைத்தாலும் காது சூடாகிறது.)

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அத்தை சமையலறையிலிருந்து, “ரேவதி, வாழைக்காய சீவித் தாடி, பஜ்ஜிக்கு” என்று கூப்பிட, போய்விட்டாள்.

பட்டியலில் ஏற்கெனவே ஒரு வீரரின் பெயர் இருந்தது. ‘ரேவ்’. பக்கத்தில் பதக்கங்கள், நட்சத்திரங்கள். என் பிரெஞ்சு விழித்துக்கொண்டது. “ரேவ்னா கனவு. மச்சான் கவிஞரா இருப்பாரு போல” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, அந்த வீரரையே தேர்ந்தெடுத்தேன். மாமா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிரெஞ்சைக் கண்டு வியக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ரோபோவுக்குள் உட்கார்ந்தால் உடனே நகரும் என்று நினைத்தேன். நகரவில்லை. கதவைச் சாத்த ஒரு பொத்தான், மின்சாரம் போட ஒரு வரிசை சுவிட்சு, எஞ்சினைக் கிளப்ப வேறொன்று. எது எது என்று தெரியாததால் கண்ணில் பட்டதையெல்லாம் அமுக்கினேன். திரையில் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மட்டும் பிரமாதமாக ஓடியது.

“இன்னா மாப்ள, மழையா பெய்யுது?”

“சிஸ்டம் செக் பண்றேன் மாமா.”

கடைசியில் மாமாதான் திரையைப் படித்துப் படித்துச் சொல்லி எஞ்சினைக் கிளப்ப வைத்தார். ரோபோ எழுந்து நின்றது. பெடலை மிதித்தேன். தடக் தடக்கென்று நடந்தது. ஆஹா! கடற்கரைச் சாலையில் பேண்டு வாத்தியத்தோடு போகிற தளபதி மாதிரி ஒரு பெருமிதம். அந்தப் பெருமிதத்தில் கைப்பிடியை ஒடித்துத் திருப்பினேன். வேகமாகத் திருப்பினால் அது கவிழும் என்று யாருக்குத் தெரியும்? அடுக்குமாடி உயர ரோபோ, வழுக்கி விழுந்த பெரியவர் மாதிரி குப்புற விழுந்தது. அது எழுந்து நிற்பதற்குள் எதிரி ரோபோக்கள் வந்துவிட்டன.

சுட்டார்கள். நான் திருப்பிச் சுட்டேன். வைப்பர் ஓடியது.

மேஜையில் சிவப்பு விளக்குகள் துடிக்க ஆரம்பித்தன. அலாரம் அலறியது. அந்தக் கேமில் ஒரு கொடுமையான விதி உண்டு. ரோபோ வெடிப்பதற்கு முன் அந்தக் கண்ணாடி மூடியைத் திறந்து பொத்தானை அழுத்தினால், உள்ளே இருக்கும் வீரர் வெளியே குதித்துத் தப்பிப்பார். அழுத்தாவிட்டால் வீரர் சாவார். செத்தால் செத்ததுதான். சேர்த்து வைத்த ஆட்டம் மொத்தமும் அழிந்துவிடும். மறுபடி வராது. இது எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும்.

ஆனால் மாமாவிடம் ஒரு சிக்கல். பதற்றம் வந்தால் அவருக்குத் தமிழ் போய்விடும். பட்டாளத்துப் பழக்கம். எழுந்து நின்று கத்தினார்:

“எழெக்தே! எழெக்தே!”

வெளியே குதி என்று அர்த்தமாம். பிரெஞ்சில் கரைகண்ட என் காதில் அது ‘எத்து! எத்து!’ என்று விழுந்தது. எத்து என்றால் எங்கள் பக்கத்தில் உதை. காலடியில் பெடல் இருக்கிறது. மாமா எத்தச் சொல்கிறார். எத்தினேன்.

ரோபோ நேராக எதிரிகளின் நடுவில் போய் நின்றது.

“எழெக்தே மாப்ள!”

“எத்திக்கிட்டுதான் இருக்கேன் மாமா!”

இன்னும் ஓங்கி எத்தினேன். பெடல் பெட்டி மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டு போக, அதில் மாட்டியிருந்த வேட்டியும் கூடவே போக, நான் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மாமா பொத்தானை நோக்கிப் பாய்ந்தார். வேட்டிக்காகக் குனிந்த என் தலை குறுக்கே வந்தது. திரை வெள்ளையாகி, சிவப்பாகி, கறுப்பானது.

சத்தம் கேட்டு வந்த அத்தை, ஒரு கையில் வேட்டியும் மறுகையில் கைப்பிடியுமாகத் தரையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

பட்டியல் மறுபடி வந்தது. காலியாக இருந்தது. பதக்கம் இல்லை, நட்சத்திரம் இல்லை, ரேவ் இல்லை.

“போச்சு மாப்ள” என்றார் மாமா. தமிழ் திரும்பியிருந்தது. “இத்தினி வருசத்து ஆட்டம்.”

மச்சான் தங்கைக்காக அங்கிருந்து லீவு போட்டு வந்து கல்யாண வேலை பார்த்துவிட்டுப் போன மனிதர். அவரிடம் நானே சொல்லிவிடுவது நல்லது என்று மொட்டை மாடிக்கு ஓடிப்போய் போன் போட்டேன்.

“போன்ழூர் மாப்ள! விருந்து ஆச்சா?”

“மச்சான், ஒரு துக்க செய்தி.”

“ஐயோ! அப்பாவுக்கா?”

“அவரு நல்லா இருக்காரு. ரோபோவுக்கு. உங்க ரேவ்… செத்துட்டாரு.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம். அழுகிறாரோ என்று பயந்தேன்.

“மாப்ள, என்னுது எப்பவோ செத்துப்போச்சு. ரேவ்னா ரேவதி.”

“கனவு இல்லையா?”

“இன்னா கனவு? அவ பேருதான். அந்த கேம்ல நம்ம வீட்டுல அவளை மாதிரி ஆடறதுக்கு ஆளே இல்ல. கல்யாணம் முடியற வரைக்கும் மாப்ள வீட்டாளுங்ககிட்ட சொல்லாதன்னு அம்மா சொல்லி வெச்சிருந்தாங்க, பொம்பளப் புள்ள சண்டை கேம் ஆடுதேன்னு இன்னா நினைப்பாங்களோன்னு.” கொஞ்சம் நிறுத்தி, “மாப்ள, மாடிலதான இருக்கீங்க? கதவைத் தாப்பாப் போட்டுக்குங்க” என்றார்.

போடவில்லை. இறங்கினேன். ரேவதி திரைக்கு முன்னால் நின்றிருந்தாள். ஒரு கையில் பஜ்ஜித் தட்டு. முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு இல்லை.

“அண்ணன் இதை வாங்கியாந்து வெச்சுட்டு மறுபடி பிரான்சுக்குக் கிளம்பினப்ப ஆரம்பிச்சது” என்றாள் மெதுவாக. “ஒவ்வொரு சண்டை ஜெயிச்சதும் அண்ணனுக்கு போன் பண்ணிச் சொல்லுவேன். அதுக்காகவே அண்ணன் போன் எடுக்கும்.”

அவள் கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது. அதுவரை கூச்சமாக இருந்தது. அப்போதுதான் வலித்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். வந்ததோ வேறு:

“ரேவதி, நான் காலேஜ்ல கேமே ஆடினதில்ல. போண்டா வாங்கித் தர ஆளு நான்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் வேட்டியைப் பார்த்தாள். அவசரத்தில் உள்பக்கம் வெளியே வரக் கட்டியிருந்தேன். உதட்டைக் கடித்தாள். பிறகு அடக்க முடியாமல், அந்த வீடே அதிரச் சிரித்தாள். கல்யாணமாகி அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

“எனக்குத் தெரியும். போன்ல ‘சுடுற பட்டன் எங்க இருக்கும்’னு கேட்டேன், ‘நடுவுல’ன்னு சொன்னீங்களே, அது ஓரத்துல இருக்கும். அன்னிக்கே தெரியும்.”

தட்டை என்னிடம் கொடுத்தாள். கையை நிறைத்திருந்த கண்ணாடி வளையல்களைக் கழற்றி மேஜையில் வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மருதாணிக் கையால் கைப்பிடியைப் பிடித்து, புதிதாக ஒரு பெயர் போட்டாள். கதவு, மின்சாரம், எஞ்சின் என்று விரல்கள் தானாக ஓடின. ரோபோ எழுந்து, திருப்பத்தில் ஒயிலாகத் திரும்பியது. அத்தை வாசலில் வந்து நின்று, என் முகத்தைக் கவலையோடு பார்த்தார். நான் வாய் நிறைய பஜ்ஜியோடு ‘சுடு, சுடு’ என்று கத்திக்கொண்டிருப்பதைக் கண்டு நிம்மதியாகத் திரும்பிப் போனார். முதல் சண்டையை ஜெயித்ததும் ரேவதி அண்ணனுக்கு போன் போட்டாள். பேச்சில் பாதி நேரம் என்னைப் பற்றித்தான் ஓடியது. சிரிப்பில் சொல் புரியவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குப் பெயர் ‘எத்து மாப்பிள்ளை’. மாமா வைத்தது. பால்காரர் முதற்கொண்டு எல்லோருக்கும் தெரியும். போன மாதம் மச்சான் மகனுக்குக் காது குத்து. பந்தியில் என் பக்கத்து இலையில் யாரோ தூரத்து உறவுக்காரர், கண்ணியமான பெரியவர். மாமா சாம்பார் வாளியோடு வந்தவர், “இவருதாங்க நம்ம எத்து மாப்ள” என்று பெருமையாக அறிமுகப்படுத்திவிட்டுப் போனார்.

பெரியவர் என் காலைப் பார்த்தார். தன் காலை மெதுவாக நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

“அது வந்துங்க, பிரெஞ்சுல ஒரு வார்த்தை…” என்று நான் விளக்க ஆரம்பித்தேன். ரசம் வருவதற்குள் அவர் நான்கு இலை தள்ளிப் போய் உட்கார்ந்திருந்தார்.