ஈசான மூலையில் முப்பத்தொரு பாகை

தொழில்நுட்பம் படித்த ஒருவர் வீட்டில் இருந்தால் அந்த வீட்டில் எந்தப் பொருளும் சும்மா பழுதாகாது. விளக்கத்தோடு பழுதாகும். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் நான்.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டரை வருடம் பொறியியல் வரைபடம் கீறப் படித்தேன். படிப்பு முடிவதற்குள் ஊரில் இருக்க முடியாமல் போய்விட்டது. கொலோனில் அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது என்னிடம் இருந்தவை: ஒரு ஸ்வெட்டர், ஓர் அளவுகோல், ஒரு திசைகாட்டி, அகதி விண்ணப்பத்தின் பிரதி. வேலை செய்ய அனுமதி கிடையாது. ஆகவே படித்தது முழுவதையும் அக்காவின் வீட்டின் மீதே பிரயோகித்தேன்.

அத்தான் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். என்னை "இஞ்சினியர் அம்மா" என்று கூப்பிடுவதில் அவருக்குத் தனி இன்பம். (முதல் மாதம் அதைப் பாராட்டு என்றே நினைத்திருந்தேன்.)

எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், குசினியும் ஒரு பெரிய அறையும் ஒரு சின்ன அறையும் உள்ள வீட்டுக்கு மாறினோம். அக்காவுக்கு அப்போது ஆறு மாதம். வந்த அன்றே சாமிக்கு ஓர் இடம் வேண்டும் என்றா. நான் திசைகாட்டியை எடுத்தேன். பெரிய அறையின் யன்னலோரம்தான் ஈசான மூலை. ஒன்றுக்குப் பத்து என்ற அளவில் படம் கீறினேன். ஆப்பிள் வந்த மரப்பெட்டியைத் தேய்த்து, அதன் மேல் பிள்ளையார், முருகன், லட்சுமி மூவரையும் உயர வரிசையில் வைத்து, முன்னால் அக்காவின் பித்தளை விளக்கை வைத்தேன். யன்னல் காற்றில் விளக்கு நூர்ந்துகொண்டே இருந்தது. அதற்கும் தீர்வு கண்டேன். அக்காவின் பழைய அரக்குச் சேலையை இரண்டாக மடித்துத் தைத்து, மூலையைச் சுற்றிக் கோயில் போலத் திரை கட்டினேன். ஒரு பொட்டுக் காற்றும் உள்ளே போகாது.

"கோயில் தோத்துது போ," என்றா அக்கா.

ஈசான மூலையில் இன்னொன்றும் இருந்தது. யன்னலுக்குக் கீழே சுவரோடு பொருத்திய இரும்பு வெப்பமூட்டி. ஹைட்சுங் என்பார்கள். அதன் ஒரு முனையில், ஒன்று முதல் ஐந்து வரை எண்கள் போட்ட வெள்ளைக் குமிழ் ஒன்று இருக்கும். அந்த முனை திரைக்குள், விளக்குக்கு நேர் மேலே அகப்பட்டுக்கொண்டது. அதை நான் ஒரு வசதியாகவே கருதினேன். குமிழை ஐந்தில் திருப்பிவிட்டு, அதில் விபூதிப் பையைத் தொங்கவிட்டேன்.

மார்கழி வந்தது. குசினி சூடாக இருந்தது. சின்ன அறையும் சூடு. பெரிய அறை மட்டும் குளிர்ந்தது. ஹைட்சுங்குக்கு வரும் குழாயைத் தொட்டால் சுட்டது; ஹைட்சுங்கைத் தொட்டால் மீன் மாதிரிக் குளிர்ந்தது. அக்கா, பாவம், காலையும் மாலையும் விளக்கேற்றி, "கொஞ்சம் சூட்டைத் தாப்பா," என்று பிள்ளையாரிடம் கேட்டா. கும்பிட்ட பிறகு அறை இன்னும் குளிர்ந்தது போலிருக்கும். அது மனப்பிரமை என்று நான் அக்காவுக்கு விஞ்ஞானபூர்வமாக விளக்கினேன்.

பிள்ளை இரண்டு கிழமை முந்திப் பிறந்தது. பெண் பிள்ளை, ஒரு தேங்காயளவு. மருத்துவமனையில் பார்க்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா.

"வெள்ளிக்கிழமை விடுவினமாம். ஆனா பிள்ளை சின்னனாம், அறை நல்ல சூடா இருக்கோணுமாம். தாதி ஒராள் எங்களோடயே வீட்ட வந்து பாக்கப் போறாவாம். சூடில்லாட்டித் திருப்பிக் கொண்டுபோயிடுவினமாம்."

"அக்கா, யோசிக்காதேங்கோ. அது என்ர பொறுப்பு."

"விளக்கையும் நூரவிடாத, என்ன? பிள்ளை வீட்ட வரும்வரைக்கும் இராப்பகலா எரியோணும். நேர்ந்திருக்கிறன்."

இரண்டு பொறுப்புகளையும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்று மற்றதைக் கொன்றுகொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சதுரக் கோடு போட்ட கொப்பியில், 'வெப்பம் ஓடியும் அறை குளிர்வதற்கான காரணங்கள்' என்று தலைப்பிட்டு ஏழு எழுதினேன். யன்னல் இடுக்கில் செய்தித்தாளைத் திணித்தேன். சுவரில் ஈயத்தாள் ஒட்டினேன். வெப்பமானி வாங்கி அறையின் நான்கு இடங்களில் அளந்தேன். பதினான்கு பாகை. விளக்குக்கு எண்ணெய் விட்டேன். மறுநாள் பதின்மூன்று.

(நான்கு இடங்கள் என்றேனே, ஐந்தாவதாகத் திரைக்குள்ளே அளக்கவில்லை. சாமிக்கு முன்னால் வெப்பமானியை நீட்டுவது மரியாதை இல்லை என்று பட்டது.)

மூன்றாவது காரணம்: ஹைட்சுங்குக்குள் காற்று அடைத்திருத்தல். அதை வெளியேற்ற மறுமுனையில் ஒரு சின்னத் திருகு உண்டு. கொஞ்சமே கொஞ்சம் தளர்த்த வேண்டும். நான் முழுவதாகக் கழற்றினேன். உள்ளிருந்து கறுப்புத் தண்ணீர் ஒரு கம்பி போலப் பாய்ந்து, அறையைக் குறுக்கே கடந்து, கதிரையில் விரித்திருந்த அத்தானின் ஒரே வெள்ளைச் சட்டையில் போய் இறங்கியது. விரலால் துவாரத்தை அடைத்துக்கொண்டு கத்தினேன். அத்தான் ஓடி வந்து சட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உது என்ன, இஞ்சினியர் அம்மா?"

"காற்று, அத்தான்."

"கறுத்தக் காத்தோ?"

திருகைத் தேடிப் பூட்டினோம். அறை குளிர்ந்தபடியே இருந்தது; இப்போது ஈரமாகவும் இருந்தது. அத்தான் ஈரத்துணியைப் பிழிந்தபடி, "பேசாமப் பிள்ளையைக் குசினிக்க வளப்பம். சமையலாவது பழகும்," என்றார். சிரிக்க முயன்றார், முடியவில்லை. குனிந்து வேகமாகத் தரையைத் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

பயந்தவள் செய்யக்கூடாததைச் செய்தேன். கடிதம் எழுதினேன். கட்டடத்தைப் பராமரிக்கும் ஹெர் குரூபர் என்பவர் கீழ்வீட்டில் இருந்தார். பெரிய மீசை, பேச்சுக் குறைவு. அகராதியைப் புரட்டிப் புரட்டி அவருக்கு ஜெர்மன் மொழியில் ஏழு குறிப்புகள் எழுதினேன். நான்காவது குறிப்பு: 'தாங்கள் தீய நோக்கத்துடன் நிலவறையில் எமது குழாயைப் பூட்டியிருப்பதாக அனுமானிக்க இடமுண்டு.' மூன்று நாட்களில் எடுத்த பன்னிரண்டு அளவீடுகளை வரைபுத்தாளில் புள்ளியிட்டு இணைத்து, அவருடைய கதவு இடுக்கால் தள்ளிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா வந்தா. கையில் பிள்ளை, பின்னால் அத்தான், அவருக்குப் பின்னால் உயரமான தாதி. தாதி கோட்டைக் கழற்றப் போனா. அறைக்குள் ஓரடி வைத்ததும் மறுபடியும் போட்டுக்கொண்டா.

"இந்த அறையிலா?" என்று கேட்டா.

அக்கா என்னைப் பார்த்தா. கண் நிறைந்தது. தாதி பிள்ளையின் போர்வையை இழுத்து மூடி, மன்னிக்க வேண்டும், திரும்பிப் போவதுதான் நல்லது என்று சொல்லத் தொடங்கவும் கதவு தட்டப்பட்டது. ஹெர் குரூபர். ஒரு கையில் கருவிப்பெட்டி, மறுகையில் என் கடிதம்.

"நான்காவது குறிப்பை எழுதிய இஞ்சினியர் யார்?" என்றார்.

அத்தானுக்கு ஜெர்மன் மொழி கொஞ்சம்தான் தெரியும். ஆனாலும் உடனே என்னைக் காட்டினார்.

ஹெர் குரூபர் குழாயைத் தொட்டார். ஹைட்சுங்கைத் தொட்டார். அதன் ஓரமாகக் கையை நகர்த்திக்கொண்டே போய்த் திரையில் நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டு, "திறக்கலாமா?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா தலையாட்டினா.

திறந்ததும் உள்ளிருந்து நல்லூர் வெயில் வந்தது.

அப்படி ஒரு வெக்கை. மூன்று சாமிகளும் வியர்க்காதது ஒன்றுதான் குறை. மேலே இருந்த குமிழின் அடிப்பக்கம் விளக்குச் சூட்டில் மஞ்சளாகிப் போயிருந்தது. ஹெர் குரூபர் என் வெப்பமானியை வாங்கி உள்ளே பிடித்தார். முப்பத்தொரு பாகை. கடிதத்தோடு இருந்த வரைபுத்தாளை எடுத்து, என் பன்னிரண்டு புள்ளிகளுக்கும் மேலே, தாளின் எல்லைக்கும் மேலே, ஓரத்து வெள்ளையில் பதின்மூன்றாவது புள்ளியை வைத்தார். பிறகு குமிழைத் தட்டினார்.

"இது தண்ணீர்க் குழாயின் பூட்டு மாதிரி இல்லை, இஞ்சினியர். இது சூட்டை உணரும். சுற்றியிருக்கும் காற்று சூடாகிவிட்டால், அறை சூடாகிவிட்டது என்று நம்பித் தானாக மூடிக்கொள்ளும். நீங்கள் இதற்கென்று தனியாக ஒரு கோடைகாலம் கட்டிக் கொடுத்திருக்கிறீர்கள்."

விளக்கு எரிய எரிய ஹைட்சுங் மூடியது. அறை குளிர்ந்தது. குளிர்ந்ததால் நாங்கள் இன்னும் கும்பிட்டோம். இந்த மூன்று வரியைப் படமாகக் கீற எனக்கு அரை நிமிடம் போதும். கண்டுபிடிக்க மட்டும் ஒரு மார்கழி போதவில்லை.

ஹெர் குரூபர் குனிந்து, விளக்கை ஊதி அணைக்க வாயைக் குவித்தார்.

"ஐயோ! ஊதாதேங்கோ!"

மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம். சாமி விளக்கை வாயால் ஊதுவதா! அவருக்குத் தமிழ் எங்கே தெரியும்? ஏதோ வெடிக்கப் போகிறது என்று நினைத்து, உப்பிய கன்னத்தோடு அப்படியே உறைந்துபோனார். பிள்ளை விழித்து, தேங்காயளவு உடம்பிலிருந்து அறை அதிர ஒரு சத்தம் போட்டது. தாதி, "நுரையீரல் பிரமாதம்," என்றா.

பிறகு நடந்ததுதான் கொலோனில் நான் பார்த்த முதல் சுவாமி ஊர்வலம். எரியும் விளக்கை அக்கா சொன்னபடி நான் ஏந்திக்கொண்டேன். பெட்டியின் ஒரு பக்கத்தை அத்தானும் மறுபக்கத்தை ஹெர் குரூபரும் பிடித்தார்கள். தாதி முன்னால் போய்க் கதிரைகளை விலக்கினா. பிள்ளையாரும் முருகனும் லட்சுமியும் அறையைக் குறுக்கே கடந்து எதிர்ச் சுவரை அடைந்தார்கள். திசை பற்றி நான் வாய் திறக்கப் போனேன்.

"வாயைத் திறந்தால் அடுத்த சட்டைக்கும் நீர்தான் பொறுப்பு," என்றார் அத்தான்.

ஹைட்சுங்குக்குள் குடுகுடுவென்று தண்ணீர் ஓடியது. கால் மணி நேரத்தில் இரும்பு சுட்டது. தாதி கோட்டைக் கழற்றினா. அரை மணியில் தேத்தண்ணி குடித்தா. ஒரு மணியில், "இனிக் கொஞ்சம் குறைக்கலாம்," என்று கையால் விசிறிக்கொண்டா. பிள்ளை அக்காவின் மடியில் கையை விரித்துக்கொண்டு நித்திரை. ஹெர் குரூபரிடம் மன்னிப்புக் கேட்டு, நான்காவது குறிப்பைத் திருப்பித் தரும்படி கெஞ்சினேன். தரவில்லை. நிலவறையில் கொதிகலனுக்குப் பக்கத்தில் கடிதத்தையும் வரைபையும் ஆணியடித்து மாட்டிவிட்டார். அங்கே உடுப்புத் தோய்க்கப் போகும் அயலவர்கள் எல்லோரும் அதை வாசித்திருக்கிறார்கள்.

இப்போது பிள்ளைக்கு நாலு வயது. இந்தக் கதையைச் சோறு தீத்தும்போதெல்லாம் கேட்டு வளர்ந்தவள். போன மாதம் அவளுடைய பாலர் பாடசாலையில் ஒரே குளிராம். ஹைட்சுங் ஓடுகிறது, அறை சூடாகவில்லை. ஆசிரியை அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றிருக்கிறா. எங்கள் பிள்ளை எழும்பிப் போய், சுத்தமான ஜெர்மன் மொழியில், "உங்கட சாமி எங்க இருக்கிறார்?" என்று கேட்டிருக்கிறாள்.

அன்று பின்னேரம் ஆசிரியை அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் பிள்ளைக்கு மதம் பற்றி ஏதும் பயம் காட்டுகிறீர்களா என்று கவலையோடு விசாரித்தா. மறுநாள் காலை அவவே தொலைபேசியில் கூப்பிட்டா. நத்தாருக்காக யேசு பாலன் பிறந்த தொழுவம் செய்து ஹைட்சுங் ஓரமாக வைத்திருந்தார்களாம். வெள்ளைக் குமிழைப் பஞ்சுப் பனி மூடியிருந்ததாம். தொழுவத்துக்குள் ஒரு குட்டி மின்விளக்கு இரவு பகலாக எரிந்ததாம். மரியாள், சூசை, ஆட்டுக்குட்டி எல்லோரையும் மறுபக்கம் மாற்றியதும் அறை சூடாகிவிட்டதாம்.

"பிள்ளைக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தது?" என்று ஆசிரியை கேட்டாவாம்.

தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா அந்தக் கேள்வியை எங்களுக்குச் சொன்னா. அத்தான், அக்கா, அந்தப் பிள்ளை, மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைக் காட்டினார்கள்.