கசப்புக்குச் சாட்சி சொன்ன நாக்கு

“...பச்சத் தண்ணி மாதிரி இருக்குன்னா சொன்ன? எலே மக்கா, நல்லா யோசிச்சுச் சொல்லு!”

ஸ்டெல்லா அக்கா குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு பயம். (பொங்குற பாலைவிடப் பொங்காத பால்தான் கையைச் சுடும்.)

வடநாட்டில், லோதி ரோடு பக்கம் மூலிகைகளைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் நான் குடுவை கழுவும் தற்காலிக ஆள். அந்த மாதத்தோடு வேலை முடிகிறது. நாகர்கோவில்கார அக்காதான் அங்கே கெமிஸ்ட். எத்தனை மெஷின் இருந்தாலும் நிலவேம்பின் கசப்பை அளக்க மனித நாக்குதான் வேண்டுமாம். சுவை பார்ப்பவர்களில் ஒருவர் வரவில்லை என்று என்னை உட்கார வைத்தார்.

“நாக்கு ஒழுங்கா வேல செஞ்சா, ஒன் வேலய நீட்டிக்கச் சொல்லுதேன்.”

என் நாக்கோ அன்று லீவில் இருந்தது. பல்வலிக்குக் கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து அடைத்து அடைத்து, வாயே மரத்துப்போயிருந்தது. (சொல்லித் தொலைத்திருக்கலாம். வேலை போய்விடுமே!)

ஆளுக்கு நான்கு கிளாஸ். ஒன்றில் கெட்டிக் கஷாயம், இரண்டில் நீர்த்தது, ஒன்றில் வெறும் தண்ணீர். வாயில் வைத்துத் துப்பிவிட்டு, கசக்கிறதா என்று சொல்ல வேண்டும். எனக்கு நான்கும் ஒன்றுதான். ஓரக்கண்ணால் பக்கத்து நாற்காலி சர்மாஜியைப் பார்த்தேன். அவர் “அரே பாப்ரே!” என்று முகம் சுளித்தால், நான் அதைவிட ஒரு மடங்கு கூடுதலாகச் சுளித்தேன். அவர் நிம்மதியாகச் சாய்ந்தபோது நானும் சாய்ந்து, “பச்சத் தண்ணி!” என்றேன்.

காப்பி அடிக்கக் கூடாதென்று ஆளுக்கொரு வரிசையில் கிளாஸை வைத்திருப்பார்கள் என்று நான் கண்டேனா? என் கையில் இருந்தது கெட்டிக் கஷாயம்.

“தண்ணிதான்க்கா...” என்று கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

அக்கா என்னைச் சந்தேகப்படவில்லை. ஊற்றும்போது தானே மாற்றிவிட்டோமோ என்று முகம் வெளுத்தார். எனக்கு ஊற்றிய பாட்டிலை எடுத்து, வேறு கிளாஸில் ஊற்றி, ஒரே மடக்கில் குடித்தார்.

குழாய்க்கு ஓடினார். கண்ணீரும் தண்ணீருமாகத் திரும்பி வந்து, என் வாயருகே மோந்து பார்த்தார்.

“கிராம்பா?”

தலையாட்டினேன்.

“பல்லுவலின்னு சொல்ல ஒனக்கு வாயில்லையாலே? மொதல்ல பல்லக் காட்டு. திங்கக்கிழம மறுபடி நாலு கிளாஸ். அதுலயும் சர்மாஜி மூஞ்சியப் பாத்தே, வேலய மறந்துரு.”

(திங்கட்கிழமை நிஜமாகவே கசந்தது, அழுதேன், வேலை தப்பிப் பிழைத்தது. ஆனால் குழம்புக்கு உப்புப் பார்க்க என் வீட்டில் என்னை இன்றுவரை கூப்பிடுவதில்லை. “அப்பா நல்லாருக்குன்னா, பக்கத்துல யாரப் பாத்து சொன்னார்னு கேளு” என்பாள் மகள்.)

அக்கா அன்று அதோடு விடவில்லை. சட்டைக் காலரைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போய், “பையா, ஜல்தி!” என்று ஆட்டோக்கார அண்ணனை அவசரப்படுத்தி நிறுத்தினார். என்னை உள்ளே தள்ளி, தானும் ஏறிக்கொண்டு, பல் டாக்டர் வீடு வரும்வரை வெளியே தலையை நீட்டிக் கசப்பைத் துப்பிக்கொண்டே வந்தார்.