ஓட்டலுக்குத் தாம்பூலத் தட்டோடு போன கதை

படித்தவன் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால், அதற்கப்புறம் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல நாக்கு வளையாது. எங்கள் ஊரில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். (மூன்றாவது தடவையில்தான் தேறினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) தபால், உரம், காய்ச்சல், கவர்மெண்டு என்று எதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் சளைக்காமல் சொல்லுவேன். சொன்னது தப்பாகப் போனால் கவர்மெண்டின் மேல் பழியைப் போட்டுவிடுவேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகி, எல்லை எது என்று முடிவாகாமல் இழுத்துக்கொண்டிருந்த காலம் அது. நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் அப்பாவான நைனாவும், நைனாவின் அக்காவான என் அத்தையும், நானும் திருப்பதிக்குப் போய் எனக்கு மொட்டை போட்டோம். கீழே இறங்கியதும் அத்தை ஒரு ஆசையைச் சொன்னாள்.

"இம்மாந்தூரம் வந்துட்டோம். அப்படியே அந்தக் கடலையும் ஒருவாட்டி பாத்துட்டுப் போலாம்டா."

எங்கள் மூவரில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. எனக்கும் உள்ளுக்குள் துடிப்புத்தான். தடாவில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்தால் ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது, அங்கே ஒரு குடும்பமே நடத்தும் சின்ன ஓட்டல் இருக்கிறது, வாடகையும் கம்மி என்று சித்தூரில் குமாஸ்தாவாக இருந்த என் நண்பன் முனிரத்தினம் சொல்லியிருந்தான். (ஊர்ப் பெயரை நான் சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.) எங்களுக்கு ஓட்டல் என்றால் இட்லி தின்கிற இடம்தான். காசு கொடுத்து அடுத்தவர் வீட்டில் படுப்பது என்ன வழக்கம் என்று அறிய எனக்கு ஒரே ஆவல். முனிரத்தினம் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தான். ஒன்று, ஓட்டலில் ஊர், பேர், தொழில் எல்லாம் கேட்பார்கள், கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, காபி கொண்டுவருகிறவர் கையில் ஏதாவது சில்லறை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை நேராகக் கடைக்குப் போனாள்.

"எங்க அத்தை?"

"ராத்திரி தங்கப் போற வூட்டுக்கு வெறுங்கைய ஆட்டிக்கினு போவாங்களாடா?"

வெற்றிலை, பாக்கு, தேங்காய், ஒரு சீப்புப் பழம், இரண்டு முழம் மல்லிகை. எல்லாவற்றையும் திருப்பதியில் வாங்கிய புதுப் பித்தளைத் தட்டில் அடுக்கி, தானே முன்னால் நடந்தாள். ஓட்டலுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று முனிரத்தினம் சொல்லவில்லை. அதனால் நானும், "ஆமா, கொண்டுபோறது மரியாதைதான்" என்று சொல்லிவைத்தேன்.

வாசலில் கோலம் போட்டிருந்தது. ஓட்டல்காரர் எங்களைக் கண்டதும், எங்கள் கையிலிருந்த தட்டைக் கண்டதும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"ரண்டி ரண்டி, வாங்க! பஸ்ஸு சரியா வந்துச்சா? கால் கழுவ தண்ணி எடுத்தாம்மே!"

அவர் மனைவி சொம்போடு வந்தாள். கூடத்தில் ஜமக்காளம் விரித்திருந்தது. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. அத்தை என் காதில், "ஏண்டா, இதுக்கெல்லாம் எவ்ளோ கேப்பாங்க?" என்றாள்.

"ஓட்டல்னா மொதல்ல இப்படித்தான் குடுப்பாங்க. பேசாம துன்னு" என்றேன், ஓட்டலிலேயே பிறந்து வளர்ந்தவன் மாதிரி.

ஓட்டல்காரர் எதிரில் உட்கார்ந்து கேள்வியை ஆரம்பித்தார். என்ன படிப்பு, எத்தனை ஏக்கர், கிணறு உண்டா, கூடப் பிறந்தவர் எத்தனை பேர். நானும் கூச்சப்படாமல் பதில் சொன்னேன். மொட்டையைப் பார்த்து, "வேண்டுதலா? நல்ல பக்தி" என்று மெச்சினார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல தமிழா, தெலுங்கா? உங்க ஊரு மெட்ராஸுக்குப் போவுதா, ஆந்திராவுலயே நிக்குதா?" என்றார்.

இந்தக் கேள்வி எனக்கு விசித்திரமாகவே படவில்லை. அந்த நாளில் எங்கள் பக்கம் வழிப்போக்கன்கூட அதைத்தான் கேட்பான்.

"ஊரு எங்கியும் போவல சாமி, அங்கியேதான் கீது" என்றார் நைனா.

"இல்ல, நாளைக்கி எந்த ராஜ்யத்துல இருப்போம்னு தெரிஞ்சிக்கணும் இல்லியா" என்றார் ஓட்டல்காரர் கவலையாக. ஒரு ராத்திரி தங்குகிறவன் எந்த ராஜ்யமானால் இவருக்கு என்ன என்று லேசாகத்தான் தோன்றியது. ஆனால் கேசரி நன்றாக இருந்தது.

அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் காபித் தட்டு. ஓட்டலில் காபி கொடுக்கிறவர்கள் இவ்வளவு நேர்த்தியாக உடுத்துவார்களா என்று அசந்துபோனேன். குனிந்து தட்டை நீட்டினாள். நான் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து, சட்டைப் பையைத் துழாவி, தட்டில் நாலணாவை டங்கென்று வைத்தேன். அது போதாதென்று, "இன்னும் கொஞ்சம் சக்கரை போட்டுக் கொண்டா" என்றேன்.

அந்தப் பெண் காசைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் மொட்டையைப் பார்த்தாள். ஓட்டல்காரர் அத்தையிடம், "பொண்ணு கையில காசு வெக்கிறது உங்க பக்கத்து வழக்கங்களா?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு?" என்றாள் அத்தை.

அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, தலையெல்லாம் புழுதி. பின்னால் மீசை வைத்த மகன். அவன் கையில் எங்கள் தட்டைப் போலவே ஒரு தட்டு. அவர்கள் பஸ் தடாவுக்கு முன்னாலேயே பஞ்சராகி நின்றுவிட்டதாம். கூட வரவேண்டிய தரகர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அந்தம்மாள் எங்களைப் பார்த்தாள், எங்கள் தட்டைப் பார்த்தாள், காபித் தட்டிலிருந்த நாலணாவைப் பார்த்தாள்.

"ஓட்டல்காரன் வூட்டுப் பொண்ணு வேணாம், வர்றவன் போறவன்லாம் தங்குற எடம்னு ஊரே சொல்லிச்சி. நான்தான் கேக்கல. காசு வாங்கிக்கினு காபி குடுக்குறதைக் கண்ணாலயே பாத்துட்டேன். நடடா!" என்று திரும்பிவிட்டாள்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. ஓட்டல்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு, "இதே பேச்சாலதான் அவளுக்கு நாலு எடம் தட்டிப் போச்சு. அறையில தங்குறவங்க முன்னாடி அவ வந்ததே கெடையாதும்மா" என்றார். காசைக் கண்டு அசையாத அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பாய்ந்து போய் வாசலில் குறுக்கே நின்றேன்.

"அம்மா! நான் பொண்ணு பாக்க வர்ல. தங்க ரூமு கேக்க வந்தவன். தெரியாம செஞ்சிட்டேன்."

"ரூமுக்கு வர்றவன் வெத்தல பாக்குத் தட்டோட வருவானா? படிச்சவன் மாதிரி கீற. யாரு காதுல பூ சுத்துற?"

படித்தவன் மாதிரி இருப்பதற்காக நான் வெட்கப்பட்டது அந்த ஒரு நாள்தான். நான் வடிகட்டின முட்டாள் என்று நிரூபித்தால்தான் அந்தப் பெண் பிழைப்பாள். அதற்கு சாட்சி வேண்டுமே! நைனா எழுந்தார்.

"அம்மா, பொய் சொல்றதுக்குக் கொஞ்சமாச்சும் புத்தி வேணும். இவனுக்கு ஏது? போன வருசம் நகரிக்குக் கல்யாணத்துக்கு அனுப்பினேன். பக்கத்துத் தெருப் பந்தல்ல பூந்து துன்னுட்டு, அங்கியே மொய்யும் வெச்சிட்டு வந்தான். மாப்ள யாருன்னுகூடப் பாக்கல."

"அது இன்னா பெரிசு?" என்று அத்தை முந்திக்கொண்டாள். "மழை வருது, கொடியில காயற சேலய எடுடான்னேன். கொடய எடுத்துக்கினு போயி சேலைக்குப் புடிச்சிக்கினு நின்னாம்மா, அரை மணி நேரம்!"

இந்தக் கட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. விடுமா?

"சேலை இன்னும் காயல அத்தை. அதனாலதான் எடுக்கல" என்றேன்.

அந்தம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்தாள். தோள் குலுங்கியது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "போதும் சாமி, நம்பிட்டேன்" என்றாள். உள்ளே அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். மீசைக்காரர் அதைப் பார்த்தார். அப்புறம் அவரை யாராலும் அங்கிருந்து கிளப்ப முடியவில்லை.

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். நாங்கள் அறையில் தங்கி, விடிந்ததும் கடலுக்குப் போனோம். அத்தை இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இது எந்த ராஜ்யத்துக்குப் போவுதாம்?" என்று கேட்டாள். அதற்கும் நான் ஒரு பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை விட்டுவிடுவோம்.

வினை அப்புறம்தான் வந்தது. அந்தப் புத்தூர் அம்மாள் சும்மா இருக்கிறவள் இல்லை. போகிற கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றிலும் என் கதையைச் சொல்லி, சுற்றுவட்டாரம் முழுக்கப் பரப்பிவிட்டாள். எனக்குப் பெண் தேடிப் போனால், "சேலைக்குக் கொடை புடிச்சவரா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காரச் சொல்வார்கள். இரண்டு வீட்டில் அதோடு கதவைச் சாத்தினார்கள். மூன்றாவது வீட்டில் மட்டும் பெண் மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டாள். என் படிப்புக்கும் முகக்களைக்கும் மயங்கிவிட்டாள் என்று நான் வெகு காலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பேரன் பேத்திகள் எல்லாரும் கூடியிருந்த ஒரு பொங்கலன்று, என்னிடம் எதைக் கண்டு மயங்கினாய் என்று அவளிடமே கேட்டு வைத்தேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள். "இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா, கிட்டப் போயி பாக்கணும்னு ஆசையா இருந்துச்சி. அதான் சரின்னேன்."

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கூரை அதிர்ந்தது. நான் விடவில்லை. "அப்ப பாத்தாச்சா?" என்றேன்.

"எங்க?" என்றாள். "இன்னும் பாத்துக்கினுதான் இருக்கேன்."