தோற்றவள் வீட்டில் துக்கம் விசாரிப்பு

உத்திரமேரூர்,
14-3-1979

சிரஞ்சீவி தம்பி ராஜாராமுக்கு, அக்கா ஆண்டாளம்மாள் ஆசியுடன் எழுதுவது. நீயும் கனகாவும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும். என் உடம்பு சௌக்கியம். மற்றதை நீ கேட்காமலே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த மாதர் சங்கத் தேர்தலில் நான் தோற்றுவிட்டேன். சங்கம் தொடங்கிய நாள் முதல் நான்தான் தலைவி. இத்தனை வருஷத்தில் எதிர்த்து நின்றவள் கம்பவுண்டர் மனைவி தேவகி ஒருத்திதான். திரைக்குப் பின்னால் இரண்டு பானைகள், ஓட்டுக்கு ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. என் பானையைக் கவிழ்த்தபோது பதினொரு கொட்டை விழுந்தது, அதில் ஒன்று நான் போட்டது. அவள் பானையில் விழுந்ததை எண்ணி முடிப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள். எனக்குக் கான்வென்ட் ஞாபகம் வந்தது. வகுப்புத் தலைவி தேர்தலில் நான் தோற்ற அன்று, தோற்றவள்தான் முதலில் போய்க் கைகுலுக்க வேண்டும், முதுகு வளையக் கூடாது, கண் கலங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மதர் ஆக்னஸ் யாருக்கும் தெரியாமல் ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்கள். அந்த இனிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. ஆகையால் நேராகப் போய்க் கையை நீட்டினேன். தேவகி என் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அதில் வைத்தாள். எல்லோரும் பார்க்க, பழத்தோடு நிமிர்ந்த முதுகுடன் வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் விடிந்ததும் சங்கத்துச் சொக்கம்மாள் தலைவிரி கோலமாய் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கள வுட்டுட்டுப் போயிட்டியேம்மா!" என்று ஒப்பாரி வைத்தாள். "நான் எங்கேயும் போகவில்லை, இங்கேதான் நிற்கிறேன்" என்றால் அழுகை அதிகமாகிறது. அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம். உட்காருகிறார்கள், பெருமூச்சு விடுகிறார்கள், "பொழுதோட ஒரு வாய் கஞ்சியாச்சும் குடிச்சியா?" என்று கேட்கிறார்கள். எழுந்து போகும்போது தலையில் அடித்துச் சத்தியம்: "நான் உனுக்குத்தாம்மா போட்டேன்!" இதுவரை முப்பது பேருக்கு மேல் சத்தியம் செய்துவிட்டார்கள், ராஜாராம். கொட்டையோ பதினொன்று. முகத்துக்கு நேரே உண்மை பேச இந்த ஊரில் ஒரு பெண் இல்லை.

உன் அத்தான் இருந்திருந்தால், "ஆண்டாளு, பதினொண்ணு ஒரு கிரிக்கெட் டீமுக்குப் போதுமே" என்றிருப்பார். நானும் கோபித்துக்கொள்வதுபோல் சிரித்திருப்பேன். சங்கத்தின் முதல் வருஷம் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் இந்தப் பெண்கள் கையைப் பிடித்துத்தான் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தேன். தையல் வகுப்பில் கோணல் தையலைப் பிரி என்றால் அப்போது சிரித்துக்கொண்டே பிரிப்பார்கள். அது போயிற்று. இனி இந்த ஊர் முகத்தில் விழிக்க எனக்குத் தெம்பில்லை. வருகிற ஞாயிறு கார் அனுப்பு. தையல் மிஷினும் ஒரு டிரங்குப் பெட்டியும்தான் சாமான். கடைசிக் காலம் உன் வீட்டு மாடி அறையில் கழியட்டும்.

உன் வீட்டில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும், பிள்ளைகளுக்கு நல்ல கையெழுத்தும் அமைய வேண்டுகிறேன்.

அன்புள்ள அக்கா,
ஆண்டாளம்மாள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது, கழனி வேலை முடிந்து முனியம்மாள் வந்தாள். அழவில்லை. "யம்மா, நான் தேவகிக்குத்தான் போட்டேன். ஊரு மாதிரி பொய் சொல்ல வரல" என்றாள். ஏன் என்று கேட்டேன். "இன்னாம்மா ஏன்? நீ நாற்காலியில குந்திக்கினு கீற வரைக்கும் எங்களால வாயத் தொறக்க முடியல. எறங்கினா எங்ககூட பாயில குந்துவன்னு பார்த்தோம். வூட்டுக்குள்ள பூந்துக்குவன்னு யாரு கண்டா? வா, எம் பக்கத்துல எடம் போட்டு வெக்கிறேன்" என்றாள். என் முதுகு கொஞ்சம் வளைந்தது. கார் வேண்டாம். ஞாயிறு மூன்று மணிக்குக் கூட்டம். ஆனால் தேவகி நாலரைக்குத்தான் தொடங்குவாளாம், நான் மூன்றுக்கே போய்விடுவேன். பாயில் உட்கார்ந்து எழுந்து எனக்குப் பழக்கமில்லை. முழங்காலுக்கு நல்ல தைலம் ஏதாவது இருந்தால் உடனே தபாலில் அனுப்பு.